பனியன்காரியின் வலது கை

ஜூன் 3, 2025 – செவ்வாய்

இன்றும் திட்டு. எங்கள் கம்பெனியில் துணி வாங்கும் பையர் அனுப்பிய ஆள் டி-ஷர்ட் கட்டைப் பிரித்து, அக்குள் பக்கம் ஊசி முனை அளவு ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார். "செக்கிங்ல தூங்கறீங்களாம்மா?" என்றார் மேனேஜர். தூங்குகிறோமா! காலையிலிருந்து நின்ற கால் நின்றபடி, துணியை இரண்டு கையாலும் தூக்கி டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பிடித்துத் தோள்பட்டை கழன்று விழாததுதான் பாக்கி. பதில் சொல்லாமல் வந்தேன். திறந்திருந்தால் வேலை போயிருக்கும், என் வாய் அப்படி.

பஸ்ஸில் வரும்போது ரவுண்டானாவில் பார்த்தேன். என் வலது கையில் கயிறு போட்டு ஃபிளக்ஸ் கட்டியிருக்கிறார்கள். யார் வீட்டுப் பெண்ணுக்கோ பூப்பு நன்னீராட்டு விழாவாம். தாய்மாமன்கள் வரிசையாகக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

என் கை என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும், அடித்துத் திருத்தப் போவதில்லை. நீரூற்றில் நிற்கிற சிலையின் கை. ஆனால் முகமும் கையும் என்னுடையவைதான். என் வீட்டுக்காரர் வேல்குமார் என்னை நிற்க வைத்துப் பார்த்துச் செதுக்கியது. செக்கிங் பெண் ஒருத்தி துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். அவள் விரல்களிலிருந்து தண்ணீர் துணி மாதிரி அகலமாக விழ வேண்டும். கொரோனாவுக்கு முந்தின வருஷம் திறந்தார்கள். கொஞ்ச நாள் விழுந்தது. எங்கள் ஊர் போர் தண்ணீருக்கு எந்தக் குழாய் தாங்கும்? உப்பு அடைத்தது, மோட்டார் எரிந்தது, சரி செய்தார்கள், மறுபடி அடைத்தது. இப்போது தொட்டியில் டீக் கப்பும் பஞ்சுத் தூசியும்தான். சிலைக்கு மூக்கிலிருந்து கழுத்து வரை உப்பு வெள்ளையாகப் படிந்து கிடக்கிறது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. "பனியன்காரி எறங்குங்க" என்கிறார் கண்டக்டர். நானும் இறங்குகிறேன். கண்ணாடி போட்டு, உடம்பும் தடித்துவிட்டதில் யாருக்கும் அடையாளம் தெரிவதில்லை. நல்லதாகப் போயிற்று.

ஜூன் 12 – வியாழன்

இன்று பேய்க் காற்று. ஃபிளக்ஸோடு சேர்ந்து கையும் போய்விட்டது.

ஜூன் 13 – வெள்ளி

வேலைக்குப் போகிற வழியில் இறங்கிப் பார்த்தேன். மணிக்கட்டோடு முறிந்து தொட்டிக்குள் கிடக்கிறது. குனிந்து தூக்கிப் பார்த்தேன், அசையவில்லை. அது ஆள் கையைவிடப் பெரிது. ஆனி பிறக்கிற சமயத்துக் காற்று கூரை ஓடுகளையே தூக்கும் என்று இந்த ஊரில் பிறந்த நாய்க்குக்கூடத் தெரியும். அந்தக் காற்றில் பாய் அகலத்துக்கு ஃபிளக்ஸ் கட்டுகிறான்! அதுவும் தண்ணீர்க் குழாய்க்காக உள்ளே துளை போட்ட கையில். அந்தத் தாய்மாமன்களில் ஒருத்தன் கையில் கட்டித் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும்.

பக்கத்து டேபிள் சாமியாத்தாளிடம் சொன்னேன். "போனாப் போவுது உடு, அதென்ன உன்ற கையா?" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும், வேண்டுமென்றே கேட்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே, "வலிக்குதாடி?" என்றாள். மூதேவி. பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஜூன் 15 – ஞாயிறு

ஒரு நீரூற்றுச் சிலையால் புருஷனும் பெண்டாட்டியும் பிரிந்தோம் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிலை செதுக்கியே பிழைக்கிற திருமுருகன்பூண்டிக்காரர்கள் சிரிக்க மாட்டார்கள்.

அவர் பூண்டிப் பட்டறையில் சாமி சிலை செதுக்கிய கை. சாமி சிலைக்குக் கடைசி வேலை கண் திறப்பது. அதுவரை அது கல். கண் திறந்தால் சாமி. என் சிலை முடிந்த அன்றைக்கும் அவர் பழக்க தோஷத்தில் உளியைத் தேனில் தொட்டு, தேங்காய் உடைத்து, கண் திறந்துவிட்டார். "கண்ணத் தெறக்காம எப்படி உடறது? ஊருக்கு நடுவால குருட்டுச் செலையா வெக்கறது?" என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். திறந்ததும் அது என்னைப் பார்த்தது. உடம்பு சிலிர்த்துவிட்டது எனக்கு.

அப்புறம் பொம்பளைகள் குங்குமம் வைக்க ஆரம்பித்தார்கள். ஷிப்மெண்ட் பாஸ் ஆக வேண்டும் என்று மஞ்சள் கயிறு கட்டினவர்களும் உண்டு, கெரகம். கோயில்காரர்கள் காதுக்குப் போயிற்று. உயிரோடு இருக்கிற பொம்பளை முகத்துக்குக் கண் திறந்த கை எங்கள் அம்மனைத் தொட வேண்டாம் என்றார்கள். ஒரு கோயில் சொன்னதை அடுத்த கோயிலும் சொன்னது. சாமி செதுக்கிய மனுஷன் அண்ணன் தங்கவேலு பட்டறையில் படிக்கல் கொத்த ஆரம்பித்தார். மாமியார் பெரியாத்தாள் என் முகத்துக்கு நேரே பார்ப்பதை நிறுத்தினார்கள். ஒரு நாள் என் வீட்டுக்காரரே, "கொஞ்ச நாள் நீ திருப்பூர்லயே இரு அன்பு" என்றார்.

கொஞ்ச நாள். அதற்குப் பிறகு மூன்று தீபாவளி போய்விட்டது. சண்டையும் இல்லை, பஞ்சாயத்தும் இல்லை. சண்டை போட்டிருந்தாலாவது சமாதானம் பேச ஒரு வழி இருந்திருக்கும்.

ஜூலை 4 – வெள்ளி

மாநகராட்சிக் கூட்டத்தில் நீரூற்றை முழுசாகச் சரி செய்யத் தீர்மானம் போட்டுவிட்டார்கள். புது மோட்டார், உப்பு நீக்குகிற மெஷின், சிலைக்குக் கை. காலையில் பேப்பரைச் சுற்றி உட்கார்ந்து எல்லாரும் வயிறெரிந்தார்கள். "எங்க வீதிச் சாக்கடை அள்ள ஆளில்ல, பொம்மைக்குக் கை வெக்கறாங்களாமா" என்றாள் சாமியாத்தாள். நியாயமான பேச்சு. நானும் தலையாட்டினேன். உள்ளுக்குள் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ஏனென்றால் மத்தியானம் மாநகராட்சியிலிருந்து இன்ஜினியர் சித்ரகலா போனில் கூப்பிட்டார். பழைய ஃபைலில் என் நம்பர்தான் இருந்ததாம். "அந்தச் சிலை செஞ்சவரோட நம்பர் வேணுங்க. அவரே வந்து கை வெச்சுக் குடுத்தா நல்லாருக்கும்" என்றார். கொடுத்தேன். மனப்பாடமாகத்தான் இருக்கிறது.

ஜூலை 5 – சனி

கூப்பிட்டிருப்பார்களா? சரி என்றிருப்பாரா?

ஜூலை 10 – வியாழன்

அவர் கூப்பிட்டார். தையல் லைனில் மெஷின் சத்தம், நான் போனோடு மாடிப்படிக்கு ஓடினேன். "நல்லாருக்கறயா?" என்றார். "இருக்கறனுங்க." அவருக்குப் பின்னால் கல் கொத்துகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. "அன்பு, உன்ற கைய ஒருக்காப் பாக்கோணும். அளவெடுக்க. ஞாயித்துக்கிழம வரட்டா?"

வரட்டுமா என்று என்னைக் கேட்கிறார்!

ஜூலை 13 – ஞாயிறு

வந்தார். வந்தார்!

அரிசியும் பருப்பும் போட்டுச் சாதம் செய்தேன். நெய்யைக் கணக்குப் பார்க்காமல் ஊற்றிவிட்டேன். மனுஷன் இளைத்துப் போயிருக்கிறார், காது ஓரம் நரை. சாப்பிட்ட பிறகு ஜன்னல் பக்கம் உட்கார வைத்து என் கையைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். நூலை வைத்து ஒவ்வொரு விரலாக அளந்தார். பெருவிரலுக்கு வந்ததும் நின்றார்.

"இதென்ன, இப்படித் தடிச்சுப் போச்சு?"

"பிசிறு வெட்டற கத்திரி புடிச்சுப் புடிச்சுங்க. பழைய கைதான் வேணுமின்னா இந்தப் பக்கமே வந்திருக்கோணும்."

அடக்கத்தான் நினைத்தேன், வாய் கேட்கவில்லை. அவர் கோபப்படவில்லை. விரலைத் தடவிப் பார்த்தார். "இப்ப எப்படி இருக்குதோ அப்படியே செதுக்கறேன்" என்றார். அளந்து முடித்த பிறகும் கையை விடவில்லை. நானும் இழுத்துக்கொள்ளவில்லை. டீ ஆறிப்போயிற்று.

கம்பி போட்டு இறுக்கி ஒட்டினால் நிற்கும், மேலே உப்பைச் சுரண்டி எடுத்தால் புதுசு மாதிரி ஆகிவிடும் என்றார். "கைய இப்பவே செதுக்கி வெக்கறேன். ஆடி கழியட்டும், ஆவணியில ஒட்டற வேல ஆரம்பிச்சரலாம்" என்று கிளம்பினார். வேலையைத்தான் சொன்னார். எனக்கு வேறு மாதிரி காதில் விழுந்தது. விழட்டும், யாருக்கு நஷ்டம்?

ஜூலை 17 – வியாழன்

ஆடி ஒன்று. புதுசாகக் கல்யாணமானவர்களைப் பிரிக்கிற மாசம். "உனக்கென்னடி, நீ வருஷம் பூராம் ஆடிதான்" என்று சாமியாத்தாள் கிண்டல். இன்றைக்கு எனக்குக் கோபமே வரவில்லை.

ஆகஸ்ட் 3 – ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. வீட்டில் இருப்புக்கொள்ளாமல் பச்சரிசியும் வெல்லமும் போட்டுப் பச்சைமாவு இடித்து எடுத்துக்கொண்டு பூண்டிக்கே போனேன். கை எந்த மட்டும் வந்திருக்கிறது என்று பார்க்கிற ஆசை. உண்மையைச் சொன்னால் அவரைப் பார்க்கிற ஆசை.

பட்டறையில் கையும் இல்லை, அதற்கு எடுத்த கல்லும் இல்லை. அவருக்கு மூத்தவர் தங்கவேலு மாமா எழுந்து வந்து மரியாதையாகத்தான் பேசினார். "தப்பா நெனச்சுக்காத அம்முணி. கண் தெறந்த செல ஒடஞ்சு பின்னமாயிருச்சுன்னா ஒட்டக்கூடாது. தண்ணிக்குள்ள போட்டுர வேண்டியதுதான். நாம ஒட்டிக் குடுத்தம்னா நாளைக்கு ஒரு கோயல்காரன் இந்த வாசப்படி மிதிக்க மாட்டான்."

"அது சாமி இல்லீங்களே மாமா, நானுங்களே" என்றேன்.

மாமியார் மாவை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்தார்கள். "உன்ற மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல கண்ணு. உசுரோட இருக்கற உனக்குச் செல வெச்சது அவன் தப்பு. அதுக்குக் கண்ணத் தெறந்தது அதவிடத் தப்பு. பின்னமானது நல்லதுக்குத்தான்."

நல்லதுக்காமா! என் கை ஒடிஞ்சது நல்லதுக்காமா! அவரைப் பார்த்தேன். அவர் உளியைத் தீட்டிக்கிட்டே இருக்கறார். தீட்டிக்கிட்டே இருக்கறார். ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? எங்க ஊட்ல உக்காந்து என்ற கையப் புடிச்சிட்டு இருந்தது யாரு?

ஆகஸ்ட் 4 – திங்கள்

லீவு போட்டேன். ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 21 – வியாழன்

ரவுண்டானாவில் தகரம் அடைத்துவிட்டார்கள். உள்ளே எட்டிப் பார்த்தேன். புதுக் குழாய், புது மோட்டார், எல்லாம் வந்திறங்கியிருக்கிறது. சிலையின் தலைக்குச் சாக்கு போட்டுக் கட்டியிருக்கிறார்கள். சித்ரகலா மேடம் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

"உங்ககிட்ட சொல்லலீங்களா?" என்றார். "ஒட்டறதுக்குத்தாங்க நாங்க எல்லா ஏற்பாடும் பண்ணுனோம். உங்க வீட்டுக்காரரே வந்து, பின்னமான சிலை நிக்கக் கூடாது, எடுத்துருங்கன்னு சொல்லிட்டார். அதுக்குப் பதிலா அவங்க பட்டறையிலயே கல் தாமரை செஞ்சு தர்றாங்க. எனக்கும் மனசே இல்லீங்க."

பாவம், அந்தப் பெண் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தது. குடித்தேனா என்று ஞாபகமில்லை.

ஆகஸ்ட் 24 – ஞாயிறு

அவரே வந்தார். உட்காரச் சொல்வதற்கு முன்னாலேயே உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். ஒரு பெரிய கோயிலில் புது அம்மன் வைக்கிறார்களாம். இவரையே செதுக்கி, இவரையே கண் திறக்கச் சொல்கிறார்களாம். அதற்கு முன்னால் பனியன்காரியை இறக்கித் தண்ணீரில் விட்டுவிட வேண்டுமாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்." அப்புறம் தலையைத் தூக்கினார். "அது தண்ணிக்குள்ள போயிருச்சுன்னா தோசம் முடிஞ்சுது அன்பு. நீ ஊட்டுக்கு வந்தர்லாம். எங்கம்மாவே சொல்லிப்போட்டாங்க, மருமவளக் கூட்டியாந்துருன்னு."

வெட்கமில்லாமல் எழுதுகிறேன்: முதலில் சந்தோஷம்தான் வந்தது. ஊட்டுக்கு வந்துரு. இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை கோயிலில் விளக்குப் போட்டிருப்பேன்! அவர் போன பிறகுதான் மற்றது உறைத்தது. என்னைத் தண்ணீருக்குள் போட்டுவிட்டு என்னையே கூட்டிக்கொண்டு போகிறார்களா?

ஆகஸ்ட் 28 – வியாழன்

சாமியாத்தாள் சாப்பாட்டு நேரத்தில் பிடித்துக்கொண்டாள். "கல்லு போனாப் போவுதுடி, மனுசன் வர்றான்ல? கல்லையா கட்டிக்கிட்டு அழுவ?" அவள் சொல்வது சரி. இத்தனை வருஷம் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டாயிற்று. கல்தானே. அந்தக் கல் என்ன, நான் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்ததா?

அவருக்குப் போன் செய்து சரி என்று சொன்னேன். வீட்டுக்காரம்மாவிடமும் தீபாவளி கழிந்ததும் காலி செய்துவிடுவேன் என்று சொல்லிவிட்டேன். அந்தம்மாவுக்குச் சந்தோஷம், எனக்குக் குங்குமம் வைத்துவிட்டார்கள். சாயங்காலம் பெட்டியை இறக்கித் துடைத்தேன். பாட்டுகூட வந்தது.

செப்டம்பர் 11 – வியாழன்

போயிருக்கக் கூடாது. அவரே வர வேண்டாம் என்றுதான் சொன்னார். நான்தான் கேட்கவில்லை.

பூண்டிக்கு அந்தப்பக்கம் ஒரு பழைய பாறைக்குழி, ஆழம் தெரியாத பச்சைத் தண்ணீர். பனியன்காரியைக் கிரேனில் இறக்கி, கரையில் மல்லாத்திப் படுக்க வைத்தார்கள். மாமா, மாமியார், கோயில்காரர் இரண்டு பேர். முறிந்த கையையும் பக்கத்தில் வைத்திருந்தார்கள்.

தண்ணீரில் விடுவதற்கு முன்னால் ஒரு வழக்கம் இருக்கிறதாம் அவர்கள் பட்டறையில். கண் திறந்தவனே கண்ணை மூட வேண்டும். எனக்கு யாரும் சொல்லவில்லை. மூடுவது என்றால் துணியைக் கட்டுவார்கள், மஞ்சளை அப்புவார்கள் என்று நினைத்தேன்.

அவர் முதலில் முகத்தைக் கழுவினார். உப்பைச் சுரண்டிச் சுரண்டித் தேய்த்தார். கொஞ்சம் கொஞ்சமாக நான் வெளியே வந்தேன். கல்யாணமான புதுசில் இருந்த நான். எவ்வளவு சிரிப்பு அந்த முகத்தில்! எனக்கே மறந்துபோயிருந்தது. அப்புறம் அவர் சின்ன உளியை எடுத்து, வலது கண்ணில் வைத்து, ஒரே தட்டு. சில்லு தெறித்தது. இடது கண்ணுக்கும் அதே மாதிரி, ஒரே தட்டு.

நிற்பார் என்று நினைத்தேன். ஒரு நிமிஷம் தயங்குவார், அண்ணா நீ செய் என்று உளியை நீட்டுவார், என்னைத் திரும்பியாவது பார்ப்பார் என்று நினைத்தேன். கை நடுங்கவே இல்லை. கொஞ்சமும் நடுங்கவில்லை. அத்தனை சுத்தமான வேலை.

தண்ணீருக்குள் போன பிறகு பாறையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அது பொய்யில்லை, எனக்கு அவர் அழுகை தெரியும். மாமியார் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அத்தனை பேரும் முகத்தில் ஒரு நிம்மதியோடு ஊட்டுக்குக் கிளம்பினார்கள். "வா கண்ணு, சாப்பிட்டுப் போலாம்" என்றார்கள் மாமியார். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள். தலைவலி என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டேன்.

ஐயோ சாமி, ஒருக்காத் திரும்பிப் பாத்திருக்கக் கூடாதா என்னைய? நான் அங்கயேதான நின்னுட்டிருந்தேன்.

செப்டம்பர் 12 – வெள்ளி

கண்ணாடியில் பொட்டு வைக்கப் போனேன். கண்ணைப் பார்க்க முடியவில்லை.

அக்டோபர் 26 – ஞாயிறு

நீரூற்றைத் தீபாவளிக்கு முன்னாலேயே திறந்துவிட்டார்கள். தாமரை நன்றாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது. தண்ணீர் கண்ணாடி மாதிரி விழுகிறது. பீகார் பையன்கள் செல்ஃபி எடுக்கிறார்கள். நான் முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கி நடக்கிறேன். கொஞ்சம் தூரம்தான்.

மத்தியானம் அவர் வந்தார். சாமான் ஏற்ற மினி ஆட்டோவும் கூடவே வந்தது. அம்மன் வேலை பாதி முடிந்துவிட்டதாம், முகம் ரொம்ப நன்றாக வந்திருக்கிறதாம். அதைச் சொல்லும்போது பழைய வேல்குமார் மாதிரியே இருந்தார். அவருக்கு அந்த வேலை திரும்பக் கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம்தான்.

இலை போடவில்லை, தட்டில்தான் சோறு போட்டேன். கத்திரிக்காய்க் குழம்பு. இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிடும்போதே கண்ணால் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பெட்டி பரண்மேல் இருந்தது. துணியெல்லாம் கொடியில்.

"கட்டி வெக்கலியா அன்பு?"

"இல்லீங்க."

"இன்னும் ரண்டு நாள் கழிச்சு வரட்டா?"

"வேண்டாமுங்க" என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. திட்ட வேண்டும் என்று எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. என் வாயா இது!

அவர் தட்டில் மிச்சமிருந்ததை வழித்துச் சாப்பிட்டார். ஏன் என்று கேட்கவில்லை. கேட்காததிலேயே அவருக்கும் தெரிந்திருக்கிறது என்று தெரிந்தது. கை கழுவிவிட்டு, துண்டில் துடைத்து, "வர்றேன்" என்றார். ஆட்டோ வெறுமனே திரும்பிப் போகிற சத்தத்தை உள்ளேயே நின்று கேட்டேன்.

வீட்டுக்காரம்மாவிடம் போய், காலி செய்யவில்லை, இங்கேயேதான் இருக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எல்லாப் பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்தாயிற்று. அவர் சாப்பிட்ட தட்டை மட்டும் கழுவ மனசு வரவில்லை. அப்படியே இருக்கிறது.